கரீபியக் கடலில் ஒரு பிரெஞ்சு மாவட்டம்

பாரீஸின் ஓர்லி விமான நிலையத்தில் குவாதலூப் விமானத்துக்கு வரிசையில் நிற்பவர்களில் பலர் கையில் பாஸ்போர்ட் இருக்காது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அடையாள அட்டை போதும். அது உள்நாட்டுப் பயணம். எட்டு மணி நேரத்துக்கு மேல் அட்லாண்டிக்கைக் கடந்து பறந்து, தென்னை மரங்களுக்கு நடுவே இறங்கினாலும் அவர்கள் இன்னும் பிரான்சில்தான் இருக்கிறார்கள். கடையில் யூரோ, சாலையில் பிரெஞ்சுப் பலகை, காலையில் பேக்கரியில் குரோசான்.

இதை நம்பி, பிரான்ஸ் கொடுத்த சாதாரண ஷெங்கன் விசாவோடு மட்டும் அதே வரிசையில் நிற்கும் இந்தியரை விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்.

குவாதலூப் பிரான்சுக்குள் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் இருக்கிறது. ஷெங்கன் வளையத்துக்குள் மட்டும் இல்லை. இந்தத் தீவுக்குப் போக ஆசைப்படுபவர் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். ஜமைக்கா, பார்படோஸ் போலத் தனி நாடு என்று நினைத்துப் போனாலும் இடறும். பாரீஸின் நீட்சி என்று நினைத்துப் போனாலும் இடறும். 1635 முதல் பிரெஞ்சுக் குடியேற்றம், 1946 முதல் பிரான்சின் முழு மாவட்டம். அங்கே நீங்கள் சந்திக்கப்போகும் விலை, சாலை, மருத்துவமனை, ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த 1946 இருக்கிறது.

இரண்டு விசா, இரண்டு விமான நிலையம்

இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாகத் தேவைப்படுவது பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுக்கான தனி விசா. பிரெஞ்சுத் தூதரகமே தருகிறது. விண்ணப்பத்தை வழக்கம்போல விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்க வேண்டும். பிரான்சின் விசா இணையதளத்தில் படிவம் நிரப்பும்போது போகும் இடம் என்ற கட்டத்தில் பிரான்ஸ் என்று பொதுவாகப் போடாமல் குவாதலூப் என்று தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு கட்டத்தில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

அதோடு முடிவதில்லை. இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் பாரீஸில் இறங்குவது ஷார்ல் தெ கோல் நிலையத்தில். குவாதலூப் போகும் ஏர் கராயிப், கோர்சேர் விமானங்கள் கிளம்புவது நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஓர்லியிலிருந்து. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, குடியேற்றச் சோதனையைக் கடந்து ஊருக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். திரும்பி வரும்போது மறுபடியும் நுழைய வேண்டும். எனவே ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவாக இருந்தால் போதாது. இருமுறையோ பலமுறையோ நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இரண்டு விசாவுக்கும் ஒரே நேரத்தில், ஒரே கட்டு ஆவணங்களோடு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். டிக்கெட் போடும்போது இரண்டு விமானங்களுக்கும் நடுவே ஆறு மணி நேரமாவது விடுங்கள். முடிந்தால் பாரீஸில் ஓர் இரவு தங்கிவிடுவது இன்னும் மேல்.

இன்னொரு பொறி பக்கத்துத் தீவுகள். குவாதலூப்பிலிருந்து தொமினிக்காவுக்கும் மார்த்தினிக்குக்கும் செயின்ட் லூசியாவுக்கும் படகு போகிறது. மார்த்தினிக் பிரெஞ்சு மாவட்டம். தொமினிக்காவும் செயின்ட் லூசியாவும் தனி நாடுகள். ஒருமுறை நுழைவு விசாவோடு தொமினிக்காவுக்கு ஒருநாள் சுற்றுலா போனவருக்குத் திரும்பி வர வழி இருக்காது. படகு கம்பெனி டிக்கெட் விற்கும்போது இதையெல்லாம் கேட்காமலும் போகலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே போய்விடலாம்.

இரண்டு சிறகும் இரண்டு ஊர்

வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த பட்டாம்பூச்சி. இடச் சிறகு பாஸ்-தேர், வலச் சிறகு கிராந்-தேர். நடுவே ரிவியேர் சாலே என்ற ஒடுக்கமான கடல் வாய்க்கால். பாலத்தில் கார் கடக்கும்போது அது தெரியாமலே போய்விடும். சுற்றிலும் மரி-கலாந்த், லெ செந்த், லா தெசிராத் என்று சின்னத் தீவுகள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,628 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு. மக்கள் 3,80,000 பேர் அளவில், அதாவது குமரி மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டு சிறகுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கிராந்-தேர் சுண்ணாம்புக்கல் மேடு: தட்டை நிலம், கரும்புக் காடு, வெள்ளை மணல், பவளப்பாறை அணை கட்டிய அமைதியான கடல். பாஸ்-தேர் எரிமலை வளர்த்த மண்: மழைக்காடு, அருவி, வாழைத் தோட்டம், கறுப்பு மணல். வலச் சிறகில் வெயில் காய்கிற அதே மணியில் இடச் சிறகில் மழை கொட்டும்.

எனவே ஒரே இடத்தில் அறை எடுத்துத் தீவு முழுக்கச் சுற்றலாம் என்று திட்டம் போடாதீர்கள். தூரம் குறைவு, நெரிசல் அதிகம். பத்து நாள் போகிறவர் பாதி நாளைக் கிராந்-தேரின் தென்கரையில், சேந்த்-ஆன் அல்லது சேன்-ஃபிரான்சுவா பக்கம் வைத்துக்கொள்ளலாம். மீதியை பாஸ்-தேரின் மேற்குக் கரையில், தெஎ அல்லது புய்யாந்த் பக்கம். பெரிய ஹோட்டல்கள் லெ கோசியேரில் வரிசையாக உண்டு என்றாலும், 'ஜீத்' என்று சொல்லப்படும் வீட்டு வாடகை அறைகள்தான் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வசதி. சமையலறை இருக்கும். அது ஏன் முக்கியம் என்பது முதல் நாள் சூப்பர் மார்க்கெட் பில்லைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

அறை பிடிக்கும்போது விலை, ஏசி, வைஃபை எல்லாம் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி: தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? பழங்குடிகள் இந்தத் தீவை அழகிய நீர்களின் தீவு என்ற பொருளில் கருக்கேரா என்றார்கள் என்பது வழக்கு. அருவிக்கும் ஆற்றுக்கும் குறைவில்லாத அதே தீவில் குழாயில் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. பழைய குழாய்கள் பொத்தலாகி, சுத்திகரித்த நீரில் பாதிக்கு மேல் வீடு சேராமலே மண்ணுக்குள் போகிறது. எந்தப் பகுதிக்கு எந்த இரவு நிறுத்தம் என்று அட்டவணையே வெளியிடுகிறார்கள். சென்னைக்காரருக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. ஐரோப்பிய விலை கொடுத்து அறை எடுத்தபின் பக்கெட்டில் பிடித்து வைப்பதுதான் கசக்கும்.

எப்போது போவது

டிசம்பரிலிருந்து மே வரை வறண்ட காலம். உள்ளூர்ப் பெயர் 'கரேம்'. காற்று சுகமாக வீசும். மத்தியானம் 30 டிகிரி, இரவில் இருபதுகளின் தொடக்கம். பிரான்ஸ் நடுங்கும் நேரம் அது என்பதால் கிறிஸ்துமஸ் முதல் பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வரை டிக்கெட் விலை தலைக்கு மேல் போகும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதில் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை அச்சம் அதிகம். 1989 செப்டம்பரில் ஹியூகோ இந்தத் தீவைச் சுருட்டிப் போட்டது. 2017இல் மரியா வாழைத் தோட்டங்களை மொத்தமாகச் சாய்த்தது. செப்டம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பல உணவகங்கள் ஆண்டு விடுமுறைக்கு மூடுவதும் அந்த மாதம்தான். என்னைக் கேட்டால் ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு, மே மாதம்.

கூட்டம் வேண்டும் என்பவர்கள் கார்னிவலுக்குப் போகலாம். ஜனவரித் தொடக்கத்திலிருந்தே ஞாயிறுதோறும் ஊர்வலம், சாம்பல் புதனோடு முடிவு. ரியோ மாதிரி இறகுக் கிரீடம் கட்டிய குழுக்களும் உண்டு. அதைவிட, ஆட்டுத்தோல் மேளமும் சங்கும் சாட்டையுமாக வரும் 'மா' குழுக்களைத் தேடிப் பாருங்கள். அடிமைக் கால நினைவை உடம்பில் பூசிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். நடையில் வேகம் அதிகம், குறுக்கே போனால் இடித்துவிட்டுப் போவார்கள். கடைசி நாள் ஊரே கறுப்பும் வெள்ளையும் உடுத்தி, வாவால் என்ற கார்னிவல் ராஜாவின் பொம்மையை எரித்து ஒப்பாரி வைக்கும். ஆகஸ்டில் தீவின் வணிக நகரமான பொயிந்த்-அ-பித்ரில் சமையல்காரப் பெண்களின் திருவிழா. 1916இல் தொடங்கிய சங்கம் நடத்துவது. கட்டம் போட்ட மதராஸ் துணியில் தலைப்பாகை கட்டிய மூதாட்டிகள், அலங்கரித்த கூடைகளோடு முதலில் தேவாலயத்துக்குப் போய்ப் பூசை கண்டு, பிறகு விருந்து வைப்பார்கள்.

2011க்குப் பிறகு வந்த புதுத் தலைவலி ஒன்று உண்டு. சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி வசந்தத்திலும் கோடையிலும் திட்டுத் திட்டாக மிதந்து வந்து அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளில் ஒதுங்குகிறது. அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. லெ மூல், கப்பெஸ்தேர், தெசிராத் பக்கம் பாதிப்பு அதிகம். மேற்குக் கரையில் தெஎ, மலாந்தூர் எல்லாம் பெரும்பாலும் தப்பிவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் அறையை மேற்கே எடுப்பது நல்லது.

கார் இல்லாமல் முடியாது

பேருந்து உண்டு. வார நாளில் பெரிய ஊர்களுக்கு இடையே சமாளிக்கலாம். மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் அதை நம்பி வெளியே கிளம்பக் கூடாது. வாடகை காரை விமான டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். குளிர்காலக் கூட்டத்தில் வண்டியே கிடைக்காமல் போவதுண்டு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இந்தியாவிலேயே எடுத்துப் போக வேண்டும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை. பெட்ரோல் விலையை அரசின் மாவட்ட ஆட்சியர் நிர்ணயிப்பதால் தீவு முழுக்க ஒரே விலை; மலிவான பங்க் தேடி அலைய வேண்டியதில்லை.

விமான நிலையத்தையும் பாஸ்-தேரையும் இணைக்கும் சாலை ஜாரி தொழிற்பேட்டை வழியாகப் போகிறது. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை அங்கே நகர முடியாது, மாலையும் அப்படித்தான். தீவில் எல்லாரும் ஐந்து மணிக்கே எழுகிறார்கள், சூரியன் ஆறு மணி வாக்கில் விழுந்துவிடுகிறது. ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகள் பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பும்போது நம்மவர்கள் விடியலிலேயே போய்த் திரும்பிவிடலாம். அந்தப் பழக்கம் நமக்குக் கைவந்தது.

பாஸ்-தேரைக் குறுக்கே வெட்டிப் போகும் லா திராவெர்சே சாலையில் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். 1989இல் அமைந்த தேசியப் பூங்காவின் நடுவே, மாமெல் கணவாய் வழியாக மலையேறி மறுபக்கம் கடலில் இறங்கும். நடுவில் நிறுத்தி மழைக்காட்டுக்குள் அரைமணி நேரம் நடக்கப் பாதைகள் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. பாம்புக்கும் பயப்பட வேண்டாம். மார்த்தினிக்கில் உள்ள கொடிய விரியன் இந்தத் தீவில் கிடையாது.

எரிமலை ஏறுகிறவர்களுக்கு

சூஃப்ரியேர் 1,467 மீட்டர். சிறிய அந்திலிஸ் தீவு வரிசையிலேயே உயரமான இடம். சேன்-குளோத் ஊருக்கு மேலே பேன்-ஜோன் என்ற இடம் வரை கார் போகும். அங்கிருந்து மேலே ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். செங்குத்து கிடையாது, ஆனால் ஈரப்பாறை வழுக்கும். உச்சியில் ஆண்டுக்குச் சுமார் பத்து மீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. மலை உச்சியிலிருந்து தெளிவாகக் கடல் தெரிவது அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கு மட்டும். காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்கினால் அந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடும். மழைக்கோட்டு, பிடிப்புள்ள ஷூ, மாற்றுச் சட்டை அவசியம். உச்சியில் கந்தக வாயு கக்கும் பள்ளங்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். புகைப்படத்துக்காக அதைத் தாண்டுவது முட்டாள்தனம். இறங்கியதும் பேன்-ஜோனில் வெதுவெதுப்பான ஊற்றுநீர்த் தொட்டி இருக்கிறது. இலவசம். முழங்கால் வலிக்கு அதைவிட மருந்து இல்லை.

இந்த மலை 1976இல் புகைந்து சாம்பல் கக்கியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்தார்கள். வெடிக்கும் என்றார் ஒரு விஞ்ஞானி, குளோத் அலேக்ர். வெடிக்காது என்றார் இன்னொருவர், அரூன் தாசியெஃப். பிரான்சே வேடிக்கை பார்த்த சண்டை அது. பெருவெடிப்பு வரவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் அடிவாரத்திலிருந்த, சிறகின் பெயரையே கொண்ட தலைநகரம் பாஸ்-தேரிலிருந்து வெளியேறிய வணிகம் பெரிதாகத் திரும்பவும் இல்லை. இன்றும் அந்த ஊர் ஆட்சியர் அலுவலகத்தையும் பழைய கோட்டையையும் வைத்துக்கொண்டு மதியத்திலேயே தூங்குகிறது. வியாபாரம் எல்லாம் பொயிந்த்-அ-பித்ர் பக்கம்.

பக்கத்திலேயே கார்பே அருவிகள். மூன்றில் இரண்டாவதுதான் எல்லாரும் பார்ப்பது, 110 மீட்டர் உயரம், வாகன நிறுத்தத்திலிருந்து அரைமணிக்குள் நடை. 1493 நவம்பரில் இந்தத் தீவை அடைந்த கொலம்பஸ், கடலிலிருந்தே இந்த அருவியைக் கண்டு எழுதி வைத்தார் என்பது வழக்கு.

கடலில் இறங்கும் முன்

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சேந்த்-ஆன், புவா ஜோலான் கரைகள். இடுப்பளவுத் தண்ணீர், அலை இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள அட்லாண்டிக் கரைகள் பார்ப்பதற்கு மட்டும். பொயிந்த் தெ ஷாத்தோ முனையில் நின்று அலை மோதுவதைப் பாருங்கள், இறங்காதீர்கள். மேற்கே மலாந்தூரில் முகமூடியும் ஊதுகுழலும் வாடகைக்கு எடுத்துக் கரையிலிருந்து ஐம்பது மீட்டர் நீந்தினாலே புல் மேயும் கடலாமைகளைக் காணலாம். எதிரே உள்ள பிஜன் குட்டித் தீவுகளைச் சுற்றிய கடலுக்குக் கடலாய்வாளர் கூஸ்தோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் அவர் இங்கே முக்குளித்துப் படமெடுத்தார். நீந்தத் தெரியாதவர்களுக்குக் கண்ணாடித் தளப் படகு.

கடற்கரை மரத்தில் சிவப்புப் பெயின்ட் வளையம் பூசியிருந்தால் அது மஞ்சினீல். பழம் சின்னப் பச்சை ஆப்பிள் போலிருக்கும், கடித்தால் ஆஸ்பத்திரி. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே இலையிலிருந்து சொட்டும் நீர் சுட்டுவிடும். எல்லா மரத்திலும் வளையம் இருக்காது என்பதால் குழந்தைகளிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். கொசுவர்த்தியும் களிம்பும் எடுத்துப் போங்கள். டெங்கு அங்கேயும் உண்டு.

குட்டித் தீவுகளில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைத் தேர்வது? பெரும்பாலோர் லெ செந்த் என்பார்கள். துருவா-ரிவியேரிலிருந்து படகில் அரைமணிக்குள். வளைந்த குடா, சிவப்புக் கூரை வீடுகள், நெப்போலியன் பெயரில் கோட்டை, தேங்காய்ப்பூரணம் வைத்த 'துர்மான் தாமூர்' என்ற இனிப்பு. அழகுதான், அதில் சந்தேகமில்லை. பகல் பதினொரு மணிக்குக் கப்பல் கூட்டம் இறங்கினால் அந்த ஒற்றைத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. எனக்கு மரி-கலாந்த்தான். பொயிந்த்-அ-பித்ரிலிருந்து ஒரு மணி நேரக் கடல், அலை கொஞ்சம் ஆட்டும், வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். தட்டையான கரும்புத் தீவு. பழைய காற்றாலைக் கோபுரங்கள், இன்றும் கரும்பு ஏற்றிப் போகும் மாட்டு வண்டி, மாடுகளைப் பாரம் இழுக்கவிட்டுப் பந்தயம். கரும்பு வெட்டும் பிப்ரவரி முதல் ஜூன் வரை போனால் சாராய ஆலைகள் ஓடுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சர்க்கரைக் கழிவில் காய்ச்சாமல் புதுக் கரும்புச் சாற்றிலேயே வடிக்கும் ரம் அது, பலம் 59 விழுக்காடு. உணவகத்தில் ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றையும் தனித்தனியே மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவரவர் சாவை அவரவரே கலக்கிக்கொள்ளட்டும் என்பது உள்ளூர்ப் பேச்சு. அதன்பிறகு கார் சாவியைத் தொடாதீர்கள்.

சாப்பாடும் விலையும்

2009இல் இந்தத் தீவு 44 நாள் மொத்தமாக வேலைநிறுத்தம் செய்தது. காரணம் விலைவாசி. இன்றும் உணவுப் பொருள் பிரான்சைவிட நாற்பது விழுக்காடு அளவுக்குக் கூடுதல் விலை. பால், கோதுமை, ஆப்பிள் எல்லாம் ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து வருகிறது. எனவே உள்ளூரில் விளைவதைத் தின்பதே லாபம். தெருவோர வண்டியில் கிடைக்கும் 'பொக்கித்' எண்ணெயில் பொரித்த ரொட்டி, நடுவே நீங்கள் கேட்பதை அடைத்துத் தருவார்கள். ஒரு வேளைப் பசிக்குப் போதும். காலைச் சந்தையில் சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சீமைப்பலா, சௌசௌ, நேந்திரன் சாயலில் வாழைக்காய், பூசணி எல்லாம் கிடைக்கும். அறையில் ஓர் அடுப்பும் ஒரு பாக்கெட் சாம்பார் பொடியும் இருந்தால் சைவர்களுக்குக் கவலை இல்லை. உணவகத்தில் சைவம் என்று சொன்னால் மீன் வரலாம். இறைச்சி, மீன் இரண்டும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். 'அக்ரா' வடை வழக்கமாகக் கருவாட்டில் செய்வது, காய்கறி அக்ராவும் உண்டு. சிவப்பு பீன்ஸ் குழம்பில் உப்பிட்ட பன்றி இறைச்சி போடுவார்கள், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சந்தையில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அமெரிக்கா கைவிட்ட பிறகும், பிரான்சில் 1990இல் தடை வந்த பிறகும் இங்கே விதிவிலக்கு வாங்கித் தொடர்ந்தார்கள். அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். தீவில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் ரத்தத்திலும் அதன் தடயம் கண்டிருக்கிறார்கள். ஒரு வாரம் தங்குபவருக்கு ஆபத்து பெரிதில்லை. என்றாலும் தென் பாஸ்-தேரில் எங்கே விளைந்தது என்று தெரியாத கிழங்கைச் சாலையோரம் வாங்க வேண்டாம், அங்குள்ள ஆறுகளில் மீனும் இறாலும் பிடிக்க வேண்டாம். ஆற்று மீன்பிடிப்புக்கு அங்கே தடையே இருக்கிறது. மரத்துப் பழங்களில் இந்தப் பயம் இல்லை.

கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை 'போன்ஜூர்' ஆக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் பதில் வராது, வந்தாலும் முகம் வராது. ஆங்கிலம் ஹோட்டல் வாசலோடு முடிந்துவிடும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு சூப்பர் மார்க்கெட் மூடிவிடும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

கப்பெஸ்தேரில் ஒரு கோயில்

பொயிந்த்-அ-பித்ரின் பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015இல் திறந்த மெமோரியல் ஆக்த் அருங்காட்சியகம் அடிமை வணிகத்தின் கதையைச் சொல்கிறது. அரை நாள் ஒதுக்குங்கள். 1794இல் ஒழித்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்ததும், எதிர்த்து நின்ற லூயி தெல்கிரே தம் வீரர்களோடு மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தீவைத்து மாண்டதும் தெரியாமல் இந்தத் தீவின் தெருப் பெயர்கள் புரியாது. 1848இல் இறுதியாக அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் தேடியவர்களின் கண் அடுத்து விழுந்தது நம் கரையில்.

1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரோடு பொயிந்த்-அ-பித்ரை அடைந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏற்றப்பட்டவர்கள் தொடங்கி, 1880களின் இறுதி வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர்களும் உண்டு. திரும்பிப் போனவர்கள் குறைவு. தங்கியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904இல் இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டார். முடிவு வந்தது 1923இல். விசாப் படிவத்தின் கட்டங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய மார்பளவுச் சிலை அதே ஊரில் இருக்கிறது.

அங்கிருந்து சற்று தூரத்தில், நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது ஷாங்ஷி கோயில். மாரியம்மன், அங்கே மாலியேமின். வாழைத் தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவே வண்ணச் சுதைச் சிற்பங்கள். பூசைப் பாட்டுகள் தமிழ்தான். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து, பிரெஞ்சு எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். அர்த்தம் பலருக்குத் தெரியாது. நீங்கள் தமிழர் என்று தெரிந்ததும் சொற்களைக் கேட்டுத் துளைப்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், உச்சரிப்பைத் திருத்தப் புறப்படாதீர்கள். விசேஷ நாளில் கிடா, சேவல் வெட்டு உண்டு. வாழையிலையில் விருந்து உண்டு. ஒப்பாதவர்கள் சாதாரண நாளில் போய் வரலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பூசை முடித்தவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் இருப்பார், அதில் அவருக்கு எந்த முரணும் இல்லை.

அந்தப் பக்கமே சாலையோரம் மரவள்ளி மாவு அப்பம் சுடும் கடைகள்; தேங்காய் வைத்ததைக் கேளுங்கள். மதியத்துக்கு 'கொலம்போ'. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு அரைத்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ வேகவைத்துச் சோற்றோடு வரும். காரம் நம் கணக்கில் பூஜ்ஜியம். தனியே கேட்டால் ஒரு மிளகாய் தருவார்கள், அந்த ஒன்றிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

திரும்பும் நாள்

பாரீஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்பி விடியலில் இறங்குகின்றன. அதாவது கடைசி நாள் கார் ஒப்படைக்கும் நேரமும் ஜாரி நெரிசலும் ஒன்றாக வரும். மேற்குக் கரையில் தங்கியிருந்தால் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்புங்கள். கொலம்போ பொடி, வெனிலா, பட்டை வாங்குவதை விமான நிலையத்துக்கு விடாமல் பொயிந்த்-அ-பித்ரின் சேந்த்-அந்துவான் சந்தையில் முந்தின நாள் காலையே முடிக்கலாம். பேரம் கொஞ்சம் படியும். ரம் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கும்போது அது குப்பைத்தொட்டிக்குப் போகும். பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். இந்தியச் சுங்கம் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை விடும்.